கண்ணாடியில் ஒட்டிய தாள்

அந்தக் கண்ணாடியை வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாய் நீண்டவள் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். யாரைக் குறை சொல்லவும் எனக்கு நாக்கு கூசாது. ஆனால் இந்த விஷயத்தில் குறை சொல்ல ஆள் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கிடைக்கவில்லை. யாராவது கிடைத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

எங்கள் பனியன் கம்பெனி தாராபுரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அங்கே குழந்தைகள் அறையின் ஆயா. அதற்கு முன் வெகு காலம் கைமடி வேலை செய்தேன், தைத்து வரும் பனியனில் பிசிறு நறுக்கி, மடித்து அடுக்குகிற வேலை. அப்போது குழந்தைகளுக்கு அறை ஏது? என் மகனை வெட்டுத்துண்டு மூட்டைகளுக்கு நடுவில் போட்டுத்தான் வளர்த்தேன். மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் அசந்து தூங்குவான். கரண்ட் போய் சத்தம் நின்றால் வீரிட்டு எழுந்துகொள்வான். தலையெல்லாம் பஞ்சும் காலெல்லாம் நூலுமாக அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அது ஆபத்து, தூசி உள்ளே போகும் என்று இப்போது சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அறை வந்தது முதலாளியின் மருமகளால். அவள் கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்து வேலை பார்ப்பாள். ஒரு கை கம்ப்யூட்டரில் இருக்கும், இன்னொரு கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும். “என்ற பையன நான் கூட்டிட்டு வர்றனுங்கல்ல, அவங்க மட்டும் எங்கீங்க உட்டுட்டு வருவாங்க?” என்று மாமனாரிடம் கேட்டாளாம். கேட்டதோடு நிற்கவில்லை. தையல் நடக்கிற ஹாலை ஒட்டி இருந்த பழைய குடோனைக் காலி செய்து, பெயிண்ட் அடித்து, பாய் போட்டு, பனியன் துணியில் தூளி கட்டி, பால் காய்ச்ச அடுப்பு வைத்து, என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரில் பாதியை உடைத்துக் கண்ணாடி போட்டதும் அவள் யோசனைதான்.

“தெக்கறப்ப நிமுந்து பாத்தா கொழந்த தெரியோணுமுங்க. அவங்களுக்கும் நிம்மதி, கொழந்தைக்கும் நிம்மதி” என்றாள்.

“உன்ற வவுறு குளிரோணும் அம்மணி” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதல் சில நாட்கள் திருவிழா மாதிரி இருந்தது. தாய்மார்கள் மெஷினிலிருந்து கையாட்டுவார்கள், பிள்ளைகள் இந்தப் பக்கம் குதிக்கும். பிறகு தெரிந்தது. தவழ்கிற குழந்தைக்குக் கண்ணாடி என்ன, சுவர் என்ன. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் போதும், அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்கிற தெனாவட்டு வந்துவிடும். நடுவில் இருக்கிறதே, நடக்கத் தெரிந்து, பேச்சு பாதி வந்த வயது, அவைதான் தவித்துப்போயின. அம்மா எதிரில் இருக்கிறாள். ஆனால் வர மாட்டேன் என்கிறாள். கூப்பிட்டால் காதில் விழவில்லை. ஒன்றரை வயதுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அம்மா கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சித்த நேரம் அழுதுவிட்டு மறந்துவிடும். கண்ணெதிரே இருந்துகொண்டு வராத அம்மாவை எந்தப் பிள்ளை மறக்கும்?

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒல்லியாக, பேசுவதற்கு முன் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொள்கிறவளாக இருப்பாள். ஓரம் மூட்டுகிற ஓவர்லாக் மெஷினில் கை அப்படி ஓடும். வீட்டுக்காரன் சாயப்பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறவன். லைன் வீட்டில் ஒற்றை அறை, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாதி கிடையாது. ஊரில் வீட்டுக்காரனின் அக்கா இருக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை கிடையாது, “எங்கிட்ட விட்டுருங்க, நான் வளத்துத் தாரேன்” என்று வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்கிறாள். நல்ல மனுஷிதான், கெட்டவள் என்று ஒருநாளும் இவள் சொன்னதில்லை. ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. குழந்தையைக் கூட்டிவரலாம் என்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள்.

“இவளப் பக்கத்துல வச்சுக்கிடணும் ஆயாம்மா, அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று முதல் நாளே சொன்னாள். பாப்பா அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தாள். சுருட்டை முடி, காதில் பொட்டுத் தோடு. வாயைத் திறந்தால் அம்மா என்ற ஒரு வார்த்தைதான்.

அவளுக்குக் கிடைத்த மெஷின் கண்ணாடிக்கு நேர் எதிரில் இருந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

பாப்பா காலையில் கண்ணாடியிடம் போய் நின்றால் நின்றதுதான். பொம்மை வேண்டாம், பாட்டு வேண்டாம். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கண்ணாடியில் வைத்து, மூக்கை அமுக்கிக்கொண்டு நிற்பாள். சோறு ஊட்டுவதும் அங்கேதான். நின்றபடியே கண் செருகி, நழுவி விழப் போகும்போது தூக்கித் தூளியில் போடுவேன். நான் துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் அந்த உயரத்தில் எச்சிலும் கைத்தடமுமாக இருக்கும்.

பனியன் தைப்பதில் லைன் என்று ஒன்று உண்டு. ஒருத்தி தோளை மூட்டுவாள், அடுத்தவள் கழுத்து வைப்பாள், அதற்கடுத்தவள் கை. ஒருத்தி எழுந்து போனால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் கை சும்மா இருக்கும். அதனால் தாய்மார்கள் நினைத்தபோது எழுந்து வர முடியாது. டீக்கும் சாப்பாட்டுக்கும் பெல் அடித்தால்தான். கட்டுக் கட்டாகத் துணி வரும், பண்டல் என்போம். பாப்பாவின் அம்மா ஒரு பண்டல் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ஒரே ஒரு பார்வை. பாப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பண்டல் குறையக் குறைய இங்கே இவள் காலை மாற்றி மாற்றி வைப்பாள், மூச்சு வேகமாக வரும். கடைசித் துணி மெஷினில் ஏறியதும் சிரிக்கத் தயாராகிவிடுவாள். அம்மா நிமிர்வாள். இவள் சிரிப்பாள். அம்மா குனிந்துகொள்வாள். உடனே அழுகை.

எத்தனை தடவை பார்த்திருப்பேன் அந்தச் சிரிப்பையும் அழுகையையும். “வா தங்கம், ஆயாகிட்ட வா, அம்மா வருவாங்க” என்று தூக்கினால் என் கழுத்தைப் பிறாண்டிவிட்டு இறங்கி ஓடுவாள்.

அந்தப் பக்கம் அம்மாவின் கதை வேறாக இருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் கண்ணில் துணி தெரிவதில்லை. கழுத்துப் பட்டியை உள்வெளி மாற்றி வைத்துவிடுவாள். தைத்த பீஸ் பிரித்துத் தைக்க அவளிடமே திரும்பி வரும். சூப்பர்வைசர் பையன் ஒன்றும் ராட்சசன் இல்லை, “அக்கா, துணியில கண்ண வெச்சுத் தெய்யுங்கக்கா” என்று தணிந்துதான் சொல்வான். பிறகு ஒருநாள் பாப்பா இங்கே கால் தடுக்கி விழுந்தாள். பெரிய அடி எதுவும் இல்லை. ஆனால் அந்த நொடியில் அம்மா நிமிர்ந்திருக்கிறாள், காலோ மெஷினை மிதித்தபடி இருந்திருக்கிறது. ஊசி விரல் நகத்துக்குள் இறங்கிவிட்டது. ஊசி முறிந்து உள்ளே நின்றது. அவள் கத்தியது கண்ணாடி வழியாக எங்களுக்குக் கேட்கவில்லை, வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. பாப்பா அதைப் பார்த்து அம்மா தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

கட்டுப் போட்ட விரலோடு இரண்டாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். டீ பெல் அடித்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

“ஆயாம்மா, கண்ணாடில தாள் ஒட்டிருங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அட கெரகமே! பிள்ளயப் பாக்கோணும்னுதான இந்தக் கம்பெனிக்கு வந்த? நீயே மூடச் சொல்றயா?”

“பாக்காம இருந்தாத்தான் வேலை ஓடும். வேலை ஓடுனாத்தான் இவள இங்க வச்சுக்கிட முடியும். அக்காகிட்ட விட்டுருன்னு வீட்டுல தெனம் சொல்லுதாவ. விரல்ல வேற இப்பிடி ஆயிட்டுல்லா, வாயத் தொறக்க முடியல.” எச்சில் விழுங்கிக்கொண்டாள். “எல்லாருக்கும் மறைக்க வேண்டாம். அவ உயரத்துக்கு மட்டும் ஒட்டுங்க போதும். நான் நிமிந்தா அவ தெரியக் கூடாது. அவ்வளவுதான்.”

பேக்கிங்கில் கேட்டு அட்டைப்பெட்டிக்குப் போடுகிற பழுப்புத் தாளும் டேப்பும் வாங்கி வந்தேன். பாப்பா தூங்குகிற நேரம் பார்த்து, அறையின் பக்கமாகக் கீழ்ப்பாதிக் கண்ணாடியை மூடி ஒட்டினேன். முதலாளி மருமகள் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

“வேணும்ங்கறப்பல்லாம் அவங்க எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போகட்டுமுங்க. நான் சொல்லிடறேன்” என்றாள். சொல்லவும் செய்தாள். பாப்பாவின் அம்மாவும் ஒருதரம் எழுந்து வந்தாள். திரும்பிப் போவதற்குள் அவள் மெஷின் முன்னால் துணி குவிந்துகிடந்தது, பின்னால் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் எழுந்து வரவே இல்லை.

தூங்கி எழுந்த பாப்பா கண்ணாடிக்கு ஓடினாள். அம்மா இல்லை. தாளைத் தட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றிருந்தாள். நாலைந்து நாளில் அவள் நகத்தால் ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கிழித்துவிடப் போகிறாள் என்று கையை எடுத்துவிட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி சுரண்டினாள். கடைசியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணை அந்த ஓட்டையில் வைத்தாள். உடம்பெல்லாம் ஆடியது, அத்தனை சந்தோஷம்.

மறைக்கத்தான் எழுந்தேன். கையில் டேப் கூட எடுத்துவிட்டேன். அப்போது மேல்பாதிக் கண்ணாடி வழியாக அவள் அம்மாவைப் பார்த்தேன். பண்டல் முடித்து நிமிர்ந்திருந்தாள். பழுப்புத் தாளுக்கு நடுவில் ஒரு கண் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்னவோ. நான் டேப்பை வைத்துவிட்டேன். அடுத்த டீ நேரத்தில் வந்து, “அது மட்டும் இருக்கட்டும் ஆயாம்மா” என்றாள்.

ஆச்சரியம் என்னவென்றால் அதன் பிறகு வேலை கொஞ்சம் ஓடியது. ஒரு கண் என்பதால் அவளுக்குத் தாங்க முடிந்ததோ என்னவோ. தப்பித்துவிட்டாள், தீபாவளி கழிந்தால் பாப்பாவுக்குப் பேச்சும் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு இந்த ஊர் காலியாகும் விதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போனஸ் போட்டதும் மெஷினுக்கு உறை மாட்டி, சூடம் காட்டி, பஸ்ஸுக்கு ஓடுவார்கள். யார் திரும்பி வருவார்கள், யார் வேறு கம்பெனிக்குப் போவார்கள் என்பது கதவு திறந்தால்தான் தெரியும். கிளம்புகிற அன்று, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தைத்து, பிரிண்ட் கோணலாகிப்போன வாத்துப் படம் போட்ட சட்டை இரண்டை அவள் பையில் வைத்தேன். “வெரசா வந்துருங்க தங்கம்” என்று பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினேன். அவளுக்கு ஆறின விரல் இன்னும் மடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் பிள்ளையை எப்படிப் பிடிப்பாள் என்று கவலையாக இருந்தது.

கம்பெனி திறந்து பூஜை போட்ட அன்று நான் அறையைக் கூட்டி, பாயை உதறி விரித்தேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. அவளை ஹாலில்தான் பார்த்தேன். மெஷின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை. உடம்பு சரியில்லாமல் வீட்டில் விட்டிருப்பாளோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு பெல் அடிக்கும்வரை இருந்தேன். டீக்கு அவள் அறை வாசல்வரை வந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை.

“பாப்பா எங்க கண்ணு?”

“அக்காகிட்ட ஆயாம்மா.”

“ஊருக்குத் தாட்டி உட்டுட்டயா?” என் குரல் உயர்ந்துவிட்டது. “இதுக்காடி ஊசி குத்திக்கிட்டு, தாள் ஒட்டிக்கிட்டு...”

“திட்டுங்க. நீங்களாவது திட்டுங்க” என்றாள். “அங்க வாசல்ல ஓடுனா ஆயாம்மா. கோழியத் தொரத்துதா, மண்ணுல உருளுதா. ஒரு நாள் முழுக்க அழல. ஒரு எடத்துல நிக்கவே இல்ல. அப்பதான் எனக்கு உறைச்சுது, இங்க என் பிள்ள நின்னுகிட்டேதான் இருந்திருக்கா. என் பக்கத்துல வச்சுக்கிடணும்னு அவள நிக்க வச்சே கொன்னுருக்கேன்.”

அப்படிச் சொல்லாதே என்று அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். பெல் அடித்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் பீஸ் ஒன்றுகூடப் பிரிக்கத் திரும்பி வருவதில்லை. சூப்பர்வைசர் பாராட்டுகிறான். இனி தாளைக் கிழித்துவிடலாமா என்று முதலாளி மருமகள் கேட்டாள். பாப்பாவின் அம்மாதான் வேண்டாம் என்றாள். பண்டல் முடிந்ததும் நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்க்கிறாள். வெறும் ஓட்டை. பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் வீடியோ போன் போட எங்கள் அறைக்கு வருவாள், பிள்ளைகள் தூங்குகிற நேரம், சத்தம் இருக்காது. முதல் தடவை நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் போனைப் பாப்பாவின் கையில் கொடுத்தார்கள். முகம் ஒரு நொடி தெரிந்தது. உடனே படம் இருண்டது. பிறகு போன் நிறைய ஒரு கண். ஒரே ஒரு கண், இமைமுடியும் ஈரமுமாக.

“தள்ளிப் பிடிட்டி. மூஞ்சியக் காட்டு, அம்மா பாக்கணும்லா” என்றாள்.

கண் அசையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னது கேட்டது: “எப்பவும் இப்பிடித்தான். ஒன் படத்தக் காட்டி போனக் குடுத்தாப் போதும், ஒரு கண்ண மூடிக்கிட்டு இன்னொரு கண்ண ஒட்ட வச்சுக்கிடுதா. எங்க படிச்சாளோ, கழுத!”

இவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெல் அடித்தது. போனை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். போனில் அந்தக் கண் அப்படியே இருந்தது. நான் யோசிக்கவெல்லாம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் பாப்பா நின்ற இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். போனைத் திருப்பி, அதன் கேமரா அந்த ஓட்டைக்கு நேராக வரும்படி தாளோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஹாலில் மெஷின்கள் ஓடத் தொடங்கின. மேல்பாதிக் கண்ணாடியில் அவள் குனிந்த தலை எனக்குத் தெரிந்தது. போனுக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை, மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. எனக்குக் கை கடுத்தது, பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் பண்டல் முடித்து, வழக்கம்போல நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

போனுக்குள்ளே பாப்பா சிரித்தாள்.

அம்மா குனிந்துகொண்டாள்.